துரொண்ட்ஹெய்மில் ஓர் ஆய்வு வேலை

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர்களிடம் யாழ்ப்பாணத்தில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வருகின்றன: எந்த நாடு நல்லது, எவ்வளவு முடியும், படித்த பிறகு அங்கேயே நிற்கலாமா, குளிர் தாங்குமா. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அன்ரி, மகனின் பட்டச் சான்றிதழைப் பிளாஸ்ரிக் உறையோடு கொண்டுவந்து காட்டி, "பிள்ளை, இவனுக்கு நோர்வே சரிவருமோ, இல்லாட்டிக் கனடாவோ?" என்று கேட்டார். மகன் எதைப் பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறார், அந்த விடயத்தில் இப்போது எங்கே யார் வேலை செய்கிறார்கள், அவர்களிடம் ஆள் எடுப்பதற்குப் பணம் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டேன். "அதெல்லாம் அங்க போனாப்பிறகு கம்பஸ்காரர் பார்ப்பினம்தானே" என்றார் அன்ரி. அப்படி யாரும் பார்ப்பதில்லை. நோர்வேயைப் பொறுத்தவரை, அந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாதவர் கலாநிதிப் பட்ட ஆய்வுக்குள் நுழையவே முடியாது. ஏனென்றால் அங்கே அது மாணவருக்குக் கிடைக்கும் ஓர் இடம் அன்று, பல்கலைக்கழகம் விளம்பரம் செய்து ஆள் எடுக்கும் ஒரு வேலை. இந்த ஒரு விடயத்தைத் தெரிந்துகொண்டால் மற்றவை பலவும் தாமாகவே விளங்கும் என்பது என் எண்ணம். இக்கட்டுரையை எழுதுவதும் அதற்காகவே.

அறிவியல் கற்க வெளிநாடு போவது நமக்குப் புதிய வழக்கம் அன்று. நம்மவரான கணிதவியலாளர் கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர், கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் போல் டிராக்கிடம் ஆய்வு செய்து, இலத்திரனின் இயக்கச் சமன்பாட்டைப் பற்றி 1940களில் எழுதியவை கோட்பாட்டுப் பௌதிகவியலில் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. பிறகு 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தல், பொறியியல் பீடத்தையும் மருத்துவ பீடத்தையும் நம்பியிருந்த ஒரு தலைமுறையை வெளியே தள்ளியது. நோர்வேக்கான பாதை அதற்கும் முந்தியது. 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம், பின்னாளில் நோர்வேஜியரின் உதவியோடு தொடங்கிய சீநோர் நிறுவனம்தான் குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் காரைநகரில் படகு கட்டும் தளத்தையும் நடத்தியது. 1970களிலும் 80களிலும் நம்மவர்கள் பலர் பட்டம் தராத வதிவிடப் பாடசாலைகளான அந்நாட்டின் மக்கள் உயர்பாடசாலைகளுக்கு மாணவராகப் போய் அங்கேயே தங்கினார்கள். ஆகவே நோர்வே என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஒஸ்லோவில் இருக்கும் சித்தப்பாவும் பேர்கனில் இருக்கும் மச்சாளும்தான். பல்கலைக்கழகம் நினைவுக்கு வருவதில்லை.

நான் போனது துரொண்ட்ஹெய்ம் நகரிலுள்ள நோர்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு. 1910இல் தொழில்நுட்ப உயர்கல்லூரியாகத் திறக்கப்பட்டு, 1996இல் வேறு கல்வி நிறுவனங்களோடு இணைக்கப்பட்டு இப்பெயரைப் பெற்ற அது, இன்று 40,000க்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் பெரும் நிறுவனம். மூளைக்குள் இடத்தை உணரும் கலங்களைக் கண்டறிந்ததற்காக 2014இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மாய்-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் அங்கே பணியாற்றுபவர்கள். எனக்கு அதைவிடப் பிடித்த கதை லார்ஸ் ஒன்சாகருடையது. அந்தக் கல்லூரியில் 1925இல் பட்டம் பெற்ற அவர், வெப்ப இயக்கவியலில் தாம் கண்ட தொடர்புகளை அங்கேயே கலாநிதிப் பட்டத்துக்குச் சமர்ப்பித்தபோது அது போதாது என்று திருப்பிவிட்டார்கள். அதே வேலைக்குத்தான் 1968இல் அவருக்கு இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. தம் பல்கலைக்கழகம் செய்த இந்தக் காரியத்தை அங்குள்ளவர்கள் மறைப்பதில்லை.

வேலை விளம்பரத்திலிருந்து தொடங்குகிறேன். நோர்வேயில் கலாநிதி ஆய்வாளர் பதவிகள் பகிரங்கமாக விளம்பரப்படுத்தப்படுகின்றன. ஆய்வுத் திட்டத்தின் தலைப்பு, அதற்கு யார் பணம் தருகிறார்கள், எத்தனை ஆண்டு, என்ன தகைமை, மேற்பார்வையாளர் யார், சந்தேகம் இருந்தால் யாரிடம் கேட்கலாம் எல்லாமே அதில் இருக்கும். முதுமாணிப் படிப்பின் புள்ளிகள் சராசரியாக 'பி' தரத்துக்குக் குறையக்கூடாது என்பது பொதுவான நிபந்தனை. விண்ணப்பங்களைப் பார்ப்பதற்கு நிபுணர் குழு அமைத்து, தகுதியானவர்களை வரிசைப்படுத்துவார்கள். விண்ணப்பித்தோரின் பெயர்ப் பட்டியல், தகவல் அறியும் சட்டத்தின் கீழ் வெளியாள் ஒருவர் கேட்டாலும் கொடுக்கப்படக்கூடியது. ஒரு சாதாரண ஆய்வாளர் பதவிக்கு யார் யார் போட்டியிட்டார்கள் என்பதை எவரும் தெரிந்துகொள்ளலாம் என்ற ஏற்பாடு, நியமனம் என்றாலே யாரைப் பிடிக்கலாம் என்று யோசிக்கும் ஊரிலிருந்து போன எனக்கு முதலில் நம்ப முடியாததாக இருந்தது.

இதில் நம் மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விளம்பரத்தில் உள்ள ஆய்வு அவர்களுடையது. பணம் ஆய்வுச் சபையிடமிருந்தோ ஐரோப்பிய ஒன்றியத்திடமிருந்தோ குறிப்பிட்ட ஒரு கேள்விக்காக வந்திருக்கும். "எனக்கு எல்லாத் துறையிலும் ஆர்வம் உண்டு, எந்த ஆய்வும் செய்யத் தயார்" என்று எழுதும் விண்ணப்பம் பணிவானதாக நமக்குத் தோன்றும். அங்கே அதற்கு அர்த்தம், விளம்பரத்தை வாசிக்கவில்லை என்பதே. அதேபோல, நம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அதையே அங்கே ஆராயலாம் என்று எதிர்பார்ப்பதும் பெரும்பாலும் நடவாது. நான் போக விரும்பியது, யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிக் கிணறுகளில் உரத்தாலும் கழிவாலும் கலக்கும் நைத்திரேற்றை ஆராய்வதற்காக. எனக்குக் கிடைத்தது, குளிர்ப் பிரதேச வயல்களிலிருந்து வடியும் நீரிலிருந்து நைத்திரேற்றை நீக்கும் வேலை. அதன் கதை பின்னே வருகிறது.

நியமனக் கடிதம் மூன்று ஆண்டுக்கு, அல்லது நான்கு ஆண்டுக்கு வரும். நான்கு ஆண்டு என்றால் அதில் நாலில் ஒரு பங்கு நேரம் கற்பித்தல், செய்முறை வகுப்பு, விடைத்தாள் திருத்தல் போன்ற துறைப் பணிகளுக்கு உரியது. இரண்டிலும் ஆய்வுக்குக் கிடைக்கும் நிகர காலம் மூன்றாண்டுதான். அதற்குள் 30 கற்கைப் புள்ளிக்குரிய பாடங்களையும் படித்து முடிக்க வேண்டும். சம்பளம் இன்று ஆண்டுக்கு ஐந்து இலட்சம் குரோனருக்கு மேல். வருமான வரியும், அரச ஓய்வூதிய நிதிக்கு இரண்டு வீதமும் கழிக்கப்படும். ஐந்து கிழமை விடுமுறை உண்டு. அதை எடுக்கச் செய்வது தொழில் வழங்குநரின் கடமை என்பதால், கோடையில் நிற்காமல் வேலை செய்யும் ஆய்வாளரைப் பார்த்துத் துறைத் தலைவர் மகிழ்வதில்லை. எப்போது போகிறீர்கள் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்புவார். விடுமுறையைத் தியாகம் செய்தால் பெயர் கிடைக்கும் என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு இது ஒரு சங்கடம்.

புலமைப்பரிசில் வாங்குவதற்கும் சம்பளம் வாங்குவதற்கும் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். புலமைப்பரிசில் பெறுபவருக்கு நன்றிக்கடன் இருக்கும். சம்பளம் பெறுபவருக்கு ஒப்பந்தம் இருக்கும். ஒப்பந்தத்தில் மேற்பார்வையாளரின் கடமையும் எழுதப்பட்டிருக்கும். மேற்பார்வையாளர் மாதக்கணக்கில் சந்திக்காவிட்டால் அதைத் துறையிடம் சொல்லலாம், சொல்வது துரோகம் ஆகாது. தொழிற்சங்கத்தில் சேரலாம், பலர் சேர்கிறார்கள். மறுபக்கமும் உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் சம்பளம் நின்றுவிடும். ஆய்வேடு முடியவில்லை என்பதற்காக யாரும் இரங்கிப் பணம் தருவதில்லை; மகப்பேறு, நீண்ட நோய் போன்ற காரணங்களுக்கு மட்டும் காலம் நீட்டப்படும். கடைசி மாதங்களில் சேமிப்பைக் கரைத்து எழுதிக்கொண்டிருந்த சக ஆய்வாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுள் நோர்வேஜியரும் இருந்தார்கள்.

இனி ஆய்வுகூடம். அங்கே முதல் வாரங்களில் ஒரு குடுவையைக்கூடத் தொட விடமாட்டார்கள். பாதுகாப்புப் பயிற்சி, ஆய்வுகூடத்தைச் சுற்றிக் காட்டல், தீயணைப்புக் கருவி, கண் கழுவும் குழாய், கழிவுப் போத்தல்களின் நிறம் எல்லாம் முடிந்த பின், செய்யப்போகும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஆபத்து மதிப்பீடு எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். இந்தக் கடதாசி வேலை எரிச்சலூட்டும் என்பது உண்மை. ஆனால் அதை எழுதும்போதுதான் பரிசோதனையின் ஒவ்வொரு படியையும் முதன்முறையாக முழுதாக யோசிக்க வேண்டியிருக்கிறது என்பதால், இப்போது ஊரில் என்னிடம் வேலை பழகுபவர்களையும் அப்படியே எழுத வைக்கிறேன்.

அந்தத் தளத்தின் உண்மையான அதிகாரி பேராசிரியர் அல்லர். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஓர் ஆய்வுகூடப் பொறியியலாளர். கலாநிதிப் பட்டம் இல்லாதவர். அவருடைய ஒப்புதல் இல்லாமல் எந்தப் பேராசிரியரும் ஓர் இயந்திரத்தைத் திறந்து நான் கண்டதில்லை. அயன் நிறச்சாரல் இயந்திரத்துக்குப் பொறுப்பானவர் அவர்தான். நீர் மாதிரியைச் சிறிதளவு உள்ளே செலுத்தினால், பிசின் நிரப்பிய மெல்லிய குழலினூடாக அது போகும்போது அதிலுள்ள எதிரயன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வெளிவரும்: முதலில் புளோரைட்டு, பிறகு குளோரைட்டு, அதன் காலடியிலேயே நைத்திரைற்று, சற்றுப் பிந்தி நைத்திரேற்று, கடைசியில் சல்பேற்று. திரையில் ஒவ்வொன்றும் ஒரு முகடாக எழும். முகட்டின் பரப்பிலிருந்து செறிவைக் கணிக்கலாம். பார்ப்பதற்கு இவ்வளவுதான். ஆனால் எனது முடிவுகளை அவரிடம் காட்டப் போனபோதெல்லாம் அவர் முதலில் கேட்டது, வெற்று மாதிரி எங்கே என்பதைத்தான். தூய நீரைச் செலுத்தியபோது நைத்திரேற்று எவ்வளவு காட்டியது? செறிவு தெரிந்த நியம கரைசல்களை எப்போது தயாரித்தீர்கள்? முப்பது மாதிரிகள் ஓடிய பின் அதே நியமத்தை மறுபடி செலுத்தியபோது அதே விடை வந்ததா? இவை தெரியாமல் மாதிரியின் முடிவைப் பார்க்கவே மாட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார்.

ஊரிலிருந்து என்னோடு கொண்டுபோன சில கிணற்று நீர் மாதிரிகளை, மேற்பார்வையாளரின் அனுமதியோடு, திட்டத்துக்கு வெளியே ஒரு மாலையில் ஓட்டிப் பார்க்க விரும்பினேன். பொறியியலாளர் முதலில், நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் ஒரு மின்கடத்துதிறன் மானியை எடுத்து மாதிரிக்குள் விட்டார். வாசிப்பைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். துரொண்ட்ஹெய்மின் குடிநீர் யொன்ஸ்வத்னெத் என்ற ஏரியிலிருந்து வரும் மென்மையான நீர். அந்த இயந்திரம் பழகியதும் அப்படிப்பட்ட நீருக்குத்தான். நம்முடையது சுண்ணக் கல்லில் ஊறி, கடலோரமாயின் உப்பும் கலந்து வருவது. அதை அப்படியே செலுத்தியிருந்தால் குளோரைட்டின் முகடு மலைபோல் எழுந்து, பக்கத்தில் வரும் நைத்திரைற்றை விழுங்கியிருக்கும். குழலும் உப்பால் நிரம்பி அடுத்த நாள் மற்றவர்களின் வேலையையும் கெடுத்திருக்கும். ஐதாக்கினால் குளோரைட்டுப் பிரச்சினை தீரும், ஆனால் நைத்திரைற்று அளவிட முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். வெள்ளி அயன் நிரப்பிய சிறு வடிகுழலினூடாக மாதிரியைச் செலுத்தினால் குளோரைட்டு வெள்ளிக் குளோரைட்டாகப் படிந்து தங்கிவிடும். அவர் இழுப்பறையிலிருந்து அதை எடுத்துத் தந்தார். உயர்தர வகுப்பில் வெள்ளி நைத்திரேற்றுச் சேர்த்ததும் விழும் வெண்ணிற வீழ்படிவை நாம் எல்லோரும் வினாத்தாளில் எழுதியிருக்கிறோம். அது ஒருவரின் வேலையைக் காப்பாற்றும் கருவியாக வந்து நிற்பதை அன்றுதான் கண்டேன்.

நம் ஊர்களிலும் இப்படிப்பட்ட தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எங்கே காற்றுக் குமிழி சிக்கியிருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள். ஆனால் உதிரிப்பாகம் வாங்குவதற்கான பணமும், பராமரிப்பு ஒப்பந்தமும், அவர்களின் சொல்லுக்கு மதிப்பும் இல்லாததால், விலையுயர்ந்த கருவிகள் உறைபோட்டு மூடிக் கிடக்கின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் பெரிய இயந்திரம் என்று நாம் நினைக்கிறோம். இயந்திரத்தை நன்கொடையாகப் பெறலாம். அதை இருபது ஆண்டு பிழையில்லாமல் ஓட்டும் ஏற்பாட்டை அப்படிப் பெற முடியாது.

இப்போது குளிர் அறைக்கு வருகிறேன். என் வேலை, மரச்சீவல் நிரப்பிய நெடுங்குழாய்களினூடாக நைத்திரேற்றுக் கலந்த நீரைக் கீழிருந்து மேலாக மெதுவாகச் செலுத்துவது. ஒட்சிசன் தீர்ந்த நிலையில் சில பற்றீரியாக்கள் நைத்திரேற்றைக் கொண்டு சுவாசித்து, மரத்திலுள்ள காபனை உண்டு, நைதரசனை வாயுவாக வெளியேற்றும். இரசாயனப் பொருள் சேர்க்கத் தேவையில்லை. மின்சாரமும் அதிகம் வேண்டாம். அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் வயல் வடிகாலின் முடிவில் இப்படி மரச்சீவல் படுக்கைகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். நோர்வேயின் சிக்கல் வெப்பநிலை. பனி உருகி நீர் அதிகமாக வடியும் வசந்த காலத்தில் அந்நீர் நான்கு பாகை அளவில் இருக்கும். பத்துப் பாகை குறைந்தால் பற்றீரியாக்களின் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். வேலை அரைகுறையாக நின்றால் நைதரசனுக்குப் பதிலாக நைதரசு ஒட்சைட்டு வெளிவரும். அது நூறாண்டு கணக்கில் காபனீரொட்சைட்டைவிட 270 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக்கூடிய வாயு. நீரைத் திருத்தப் போய் வளியைக் கெடுக்காமல் இருப்பதற்கு நீர் எவ்வளவு நேரம் படுக்கைக்குள் நிற்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தரப்பட்ட கேள்வி. அதற்காகக் கம்பளிச் சட்டையோடு குளிர் அறைக்குள் நின்று மாதிரி எடுப்பேன்.

இது யாழ்ப்பாணத்துக்கு என்ன பயன் என்று சிலர் நேராகவே கேட்டிருக்கிறார்கள். நம் கிணற்று நீர் ஆண்டு முழுவதும் 28 பாகை அளவில் இருப்பது. நான்கு பாகையில் பெற்ற பெறுமானம் எதுவும் இங்கே நேராகப் பொருந்தாது. உதவுவது வேறொன்று. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழை நீர் மெல்லிய மண்ணினூடாகச் சுண்ணக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடல் நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர் நீரும் இருப்பது இதனால்தான். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் உருளைக்கிழங்குக்கும் போடும் உரமும், வீட்டு மலக்குழிகளிலிருந்து கசிவதும் அதே வெடிப்புகளால் அதே படைக்குள் இறங்குகின்றன. இதைப் பற்றி ஊரில் பல அளவீடுகள் நடந்திருக்கின்றன. அவற்றை வாசிக்கும்போது, துரொண்ட்ஹெய்மில் பழகிய கண்ணுக்கு முதலில் தெரிவது அலகு. நைத்திரேற்றாகக் கணித்தார்களா, நைத்திரேற்றிலுள்ள நைதரசனாகக் கணித்தார்களா? இரண்டுக்கும் இடையில் 4.43 மடங்கு வேறுபாடு. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையும் இலங்கைக் குடிநீர் நியமமும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. ஓர் அறிக்கையில் 12 என்று மட்டும் இருந்தால், நைத்திரேற்றாயின் அக்கிணறு எல்லைக்கு மிகவும் கீழே. நைதரசனாயின் அது 53, எல்லைக்கு மேலே. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில் இந்த வேறுபாடு சிறியதன்று.

குளிர்காலத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். துரொண்ட்ஹெய்மில் டிசம்பர் பிற்பகுதியில் பகல் நாலரை மணி நேரம். விற்றமின் டி குளிசையும் சப்பாத்துக்கு அடியில் மாட்டும் முள்ளும் வாங்கினால் மற்றது பழகும். மொழியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வு, கட்டுரை, கூட்டம் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால் நோர்வேஜிய மொழி தேவையில்லை என்று விளம்பரத்தில் இருக்கும். அது உண்மைதான், மதிய உணவு மேசை வரை. பதினொன்றரைக்கு எல்லோரும் பாண் துண்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசும் அரை மணி நேரத்தில்தான், எந்தத் திட்டத்துக்குப் பணம் வரப்போகிறது, எந்தக் கருவி பழுதாகியிருக்கிறது, யார் விலகப்போகிறார் என்பனவெல்லாம் வெளிவரும். அந்த மேசைக்காகவே மொழி படித்தேன். ஞாயிறு மாலைகளில் புட்டும் மீன்குழம்பும் தந்து என்னை உட்கார்த்தி வைத்துப் பேசிய புங்குடுதீவுக் குடும்பம் ஒன்று, நான் நோர்வேஜியத்தில் உளறுவதைத் தம் பிள்ளைகள் திருத்தும்போது கைகொட்டிச் சிரித்து மகிழ்ந்தது.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பின் நடப்பது நம் வழக்கத்திலிருந்து மிகவும் வேறானது. மூவர் கொண்ட மதிப்பீட்டுக் குழு ஏட்டை ஏற்றுக்கொண்டால்தான் பகிரங்கப் பரீட்சைக்குத் திகதி வரும். அதற்கு முன் ஒரு பரிசோதனை விரிவுரை. தலைப்பைக் குழுவே தீர்மானிக்கும்; பத்து வேலை நாள்களுக்கு முன்புதான் அறிவிக்கும். நம் ஆய்வின் மையப் பகுதியாக அது இருக்காது. முக்கால் மணி நேரம், துறைசாராதவர்களும் இருக்கும் அவையில், அத்தலைப்பில் பேச வேண்டும். எனக்கு வந்தது, குடிநீரில் நைத்திரேற்றுக்கான எல்லை எப்படித் தீர்மானிக்கப்பட்டது என்பது. 1945இல் ஹன்ரர் கொம்லி என்ற மருத்துவர், அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பண்ணைக் கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் நீலம் பூத்து வந்ததை எழுதியதிலிருந்து அக்கதை தொடங்குகிறது. நைத்திரேற்று குழந்தையின் உடலில் நைத்திரைற்றாக மாறி, இரத்தத்தின் ஒட்சிசன் காவும் ஆற்றலைக் கெடுக்கிறது. இப்படி நோயுற்ற குழந்தைகளின் கிணறுகளில் இருந்த அளவைக் கொண்டே எல்லை வகுக்கப்பட்டது. முதியவர்களுக்கோ நீண்ட காலம் பருகுவோருக்கோ என்ன ஆகும் என்பதை அந்த எண் சொல்ல வரவில்லை. ஆண்டுக்கணக்காக 50 என்று எழுதிக்கொண்டிருந்த நான், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை முழுதாக வாசித்தது அந்த விரிவுரைக்காகத்தான்.

பிற்பகலில் மதிப்பீட்டுக் குழுவைச் சேர்ந்த இருவர் எதிர்வாதிகளாக இருந்து கேள்வி கேட்பார்கள். குழுவில் ஒருவராவது பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்து வந்தவராக இருப்பார். முதலாமவர் ஆய்வேட்டைப் பக்கம் பக்கமாகப் பிரித்தார். "இந்த வரைபில் மூன்று புள்ளிகளை ஏன் விலக்கினீர்கள்?" என்று கேட்டபோது, ஆய்வுகூடக் குறிப்பேட்டில் பம்பி நின்ற நேரம் பதியப்பட்டிருந்த பக்கத்தைக் காட்ட முடிந்தது. அவையிலிருந்து எவரும் எழுந்து ஆட்சேபிக்கலாம் என்ற பழைய விதியும் உண்டு. தலைவர் அதை முறைப்படி அறிவிக்கும்போது அவையில் ஒரு சிறு சிரிப்பு எழும், பெரும்பாலும் யாரும் எழுவதில்லை. இரவு விருந்தைப் பட்டம் பெற்றவரே கொடுக்க வேண்டும்; எதிர்வாதிகள்தான் முதல் விருந்தினர். எங்கள் பொறியியலாளர் அன்று பேசினார். நான் அவருடைய வடிகட்டிகளை அளவுக்கு மேல் செலவழித்த கணக்கைத்தான் பேசினார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. நான் முதுமாணி படித்த காலத்தில் நோர்வே அரச பல்கலைக்கழகங்களில் கற்கைக் கட்டணம் இல்லை. 2023 இலையுதிர் காலத்திலிருந்து, ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கும் சுவிற்சர்லாந்துக்கும் வெளியேயிருந்து வரும் மாணவர் கட்டணம் செலுத்த வேண்டும். பொறியியல், விஞ்ஞானப் பாடங்களுக்கு அது நம் நடுத்தரக் குடும்பங்கள் காணி விற்றாலொழியத் தாங்க முடியாத தொகை. காணியை விற்று முதுமாணிக்குப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கலாநிதிப் பதவிக்கு இக்கட்டணம் இல்லை, ஏனென்றால் அது வேலை. ஆகவே முதுமாணியை வேறு வழியில் முடிப்பதே இன்று புத்தி: ஐரோப்பிய ஒன்றியத்தின் எரஸ்மஸ் முண்டஸ் புலமைப்பரிசில், யப்பானிய அரசின் புலமைப்பரிசில், ஜேர்மனியில் இன்னும் கட்டணம் அறவிடாத பல அரச பல்கலைக்கழகங்கள், அல்லது நம் ஊரிலேயே ஆய்வோடு கூடிய முதுமாணி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறைக்கும் பேர்கனிலுள்ள மேற்கு நோர்வே பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் சூரிய சக்திப் பொருள்கள் பற்றிய கூட்டு ஆய்வும் மாணவர் பரிமாற்றமும் நடந்திருக்கின்றன. முகவருக்குப் பணம் கட்டுவதற்கு முன், தன் துறை விரிவுரையாளரிடம் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. முகவர்கள் கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகங்களுக்கே ஆள் சேர்ப்பார்கள். சம்பளம் தரும் பதவியால் அவர்களுக்கு வருமானம் இல்லை.

ஒழுங்கையில் உள்ள அந்த அன்ரியின் மகனிடம் நான் செய்யச் சொன்னது, ஆறு மாதத்துக்குத் தன் வீட்டுக் கிணற்றையும் அயலிலுள்ள சில கிணறுகளையும் மாதாமாதம் அளப்பது: நீர்மட்டம், மின்கடத்துதிறன், மழை பெய்த நாள்கள், அருகில் என்ன பயிர், எப்போது உரம். நைத்திரேற்று அளப்பதற்குத் துறையின் ஆய்வுகூடத்தைக் கேட்கலாம். இதற்கு யாருடைய நிதியும் தேவையில்லை, ஆனால் இதைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் விண்ணப்பக் கடிதத்தில் வித்தியாசம் தெரியும். முன்னவர் தன் தரவில் எது பொருந்தவில்லை என்று எழுதுவார். பின்னவர் தன் ஆர்வத்தைப் பற்றி எழுதுவார்.

சிபாரிசு செய்பவர்களைப் பற்றியும் ஒன்று. நோர்வேயில் கடிதத்தை வாசிப்பதோடு நிறுத்தமாட்டார்கள். நேர்முகத்துக்குப் பின் தொலைபேசியில் அழைத்து, இவர் பிழை ஒன்றைக் கண்டால் என்ன செய்வார், தனியாக வேலை செய்வாரா என்றெல்லாம் கேட்பார்கள். அவர்களுக்குக் காலை பத்து மணி என்றால் நமக்குக் கோடையில் பிற்பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியில் செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருக்கும் நேரம் அது. தெரியாத வெளிநாட்டு இலக்கம் என்று உங்கள் விரிவுரையாளர் அழைப்பை எடுக்காமல் விடலாம். ஆகவே அவர் பெயரைப் போடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள், விளம்பரத்தின் பிரதியையும் உங்கள் தரவு அட்டவணையையும் அவரிடம் கொடுங்கள், எந்தக் கிழமையில் அழைப்பு வரக்கூடும் என்பதையும் சொல்லி வையுங்கள்.